திருகைக் கல்லை அடகு வாங்கலாமா?

2022 நவம்பரில் ஃபோட்டோஷாப்பில் பழைய கோப்புகளைத் திறந்த வடிவமைப்பாளர்கள் பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சின்னத்துக்கென்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்த சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. அட்டைப்படத்தின் நீலம் இருந்த இடத்திலும் கறுப்பு. கூடவே ஓர் அறிவிப்புப் பெட்டி. பேன்டோன் நிறுவனத்துடனான உரிம ஏற்பாடு மாறிவிட்டதால் இந்தக் கோப்பிலிருந்த பேன்டோன் நிறங்கள் நீக்கப்பட்டு, அங்கே கறுப்பு வைக்கப்பட்டிருப்பதாக அது சொன்னது. நிறம் திரும்ப வேண்டுமானால் ‘பேன்டோன் கனெக்ட்’ என்ற தனிச் சந்தா கட்ட வேண்டும். மாதம் சுமார் 15 டாலர்.

பேன்டோன் அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த நிறுவனம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஓர் ஊரில் தேர்ந்தெடுத்த சிவப்பு வேறோர் ஊரில் அச்சாகும்போதும் அதே சிவப்பாக வரும்படி செய்த அதன் முறை 1963இல் வந்தது. அச்சுத் தொழிலுக்கு அது செய்த உதவி பெரிது. அந்த உழைப்புக்கு விலை கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கோப்புகள் உருவானபோது பேன்டோன் நிறங்கள் ஃபோட்டோஷாப்பின் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. வரைந்து முடித்து, வாடிக்கையாளரிடம் ஒப்படைத்து, பத்திரப்படுத்தி வைத்த ஒரு வேலைக்குள் பல வருடம் கழித்து யாரோ புகுந்து நிறத்தை எடுத்துக்கொண்டு போக முடிகிறதென்றால், அந்த வேலை யாருடையது?

இதை வெறும் விலைத் தகராறு என்று சுருக்கிவிடலாம். மாதச் சந்தா லாபமா, ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவது லாபமா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு அடியில், மதங்களும் தத்துவமும் சட்டமும் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்வி ஒன்று கிடக்கிறது. உழைப்பவருக்கும் அவருடைய கருவிக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது? அந்த உறவுக்குள் மூன்றாவது ஆள் எவ்வளவு தூரம் நுழையலாம்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2012இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்6 பதிப்பின் விலை 699 டாலர். பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள் 199 டாலர் கட்டிப் புதியதற்கு மாறிக்கொள்ளலாம். மாற விரும்பாதவர் பழையதையே வைத்துக்கொண்டு கணினி உழைக்கும்வரை ஓட்டலாம். 2013 மே 6ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த மாநாட்டில், ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. சிஎஸ்6தான் கடைசி, இனி வரும் பதிப்புகள் எல்லாம் ‘கிரியேட்டிவ் கிளவுட்’ சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது. ஒரு மென்பொருளுக்கு மாதம் சுமார் 20 டாலர், முழுத் தொகுப்புக்கு 50 டாலர். ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் அசையவில்லை. 2013இல் 405 கோடி டாலராக இருந்த அதன் ஆண்டு வருமானம் 2024இல் 2,150 கோடி டாலரானது.

சந்தாவின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே தடவையில் 699 டாலர் புரட்ட முடியாத ஒரு மாணவருக்கு, புகைப்படக்காரர்களுக்கென்று பின்னர் வந்த மாதம் 10 டாலர் திட்டம் கதவைத் திறந்துவிட்டது உண்மை. முன்பு எட்டாத உயரத்தில் இருந்த கருவி கைக்கு வந்தது. அந்த நன்மையை மறைத்துவிட்டு சந்தாவைத் திட்டுவது நேர்மையாகாது.

காசு கொடுத்து வாங்கிய காலத்திலும் அந்த மென்பொருள் முழுக்க நம்முடையதாக இருந்ததா என்று கேட்டால், நீதிமன்றங்களே ஒருமித்துப் பதில் சொல்லவில்லை. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை வாங்கி இணையத்தில் மறுவிற்பனை செய்த ஒரு வியாபாரியின் வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிரதிகள் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம்தான் தரப்பட்டது, எனவே மறுவிற்பனை உரிமை கிடையாது என்றது அது. இரண்டே வருடத்தில், 2012 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. காலவரையற்ற பயன்பாட்டுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான், வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கலாம் என்றது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் உரிமையாளராக இருந்தவர், மறுகரையில் வாடகைக்காரர்.

வேறொரு சிக்கலும் இருந்தது. 2005இல் வந்த சிஎஸ்2 தொகுப்பை நிறுவியதும், அது அடோபியின் சர்வரைத் தொடர்புகொண்டு ஒப்புதல் பெற வேண்டும். அந்த சர்வர்களை நிறுவனம் மூடியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களாலும் அதைப் புதிதாக நிறுவ முடியாத நிலை வந்தது. 2013 தொடக்கத்தில், ஒப்புதல் தேவைப்படாத ஒரு பதிப்பை அவர்களுக்காக நிறுவனமே வெளியிட வேண்டியிருந்தது. ஆக, ஒரே தடவை வாங்குவதைப் பொற்காலமாகச் சித்தரிக்கத் தேவையில்லை. அன்றும் கயிற்றின் ஒரு முனை அவர்கள் கையில்தான் இருந்தது. சந்தா வந்தபின் கயிறு மிகவும் சுருங்கிவிட்டது.

எந்த அளவுக்கு என்பது 2019இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெனிசுவேலா மீது அமெரிக்கா தடை உத்தரவு போட்டது. அதைக் காரணம் காட்டி, அந்நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் அக்டோபர் 28 முதல் முடக்கப் போவதாக அடோபி அறிவித்தது. முன்பணம் கட்டியவர்களுக்கும் பணம் திரும்ப வராது என்றது முதல் அறிவிப்பு. பிறகு, திருப்பித் தருவதாகச் சொன்னது. கடைசியில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியதால் கணக்குகள் தப்பின. ஆனால் அந்த மூன்று வாரங்கள், கராகஸில் இருந்த ஓர் ஓவியர் எந்தக் குற்றமும் செய்யாமல், எந்தத் தவணையும் தவறாமல், தன் பிழைப்புக் கருவியை இழக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. சிஎஸ்6 வாங்கி வைத்திருந்த அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

இங்கேதான் பழைய நூல் ஒன்று உதவிக்கு வருகிறது. விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம் கடன் கொடுப்பவர்களுக்குச் சில கட்டுப்பாடுகளை விதிக்கிறது. மாவரைக்கும் திருகையை, அதன் மேற்கல்லை மட்டும்கூட, அடகாகப் பிடிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. காரணத்தையும் அந்த இடத்திலேயே சொல்கிறது: அப்படிச் செய்வது ஓர் உயிரையே அடகு பிடிப்பதற்குச் சமம். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அடகே வாங்காதே என்றும் சொல்லவில்லை. அடகு வாங்கிக்கொள், ஆனால் அன்றாட உணவைத் தரும் கல்லை விட்டுவிடு என்கிறது. மேற்கல் போனால் கீழ்க்கல் வீட்டில் இருந்தும் பயனில்லை என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது. அடகுப் பொருளை எடுக்க, கடன் கொடுத்தவர் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கடனாளியே உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்க வேண்டும். கடன்பட்டவருக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதை மதிக்க வேண்டும் என்ற இந்தக் கருத்து, கோப்புக்குள் புகுந்து நிறத்தை மாற்றும் காலத்தில் கவனித்துப் படிக்க வேண்டியது.

இது யூத, கிறிஸ்தவ மரபோடு நின்றுவிடவில்லை. இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, பிரிவு 60இல் ஒரு பட்டியல் இருக்கிறது. கடனைக் கட்ட முடியாதவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும் ஜப்தி செய்யக் கூடாத பொருட்களின் பட்டியல் அது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை அடுத்து, கைவினைஞரின் கருவிகள் வருகின்றன. விவசாயியானால் ஏர், மாடு, விதைநெல். தாலிக்கு அடுத்தபடியாக உளியையும் ரம்பத்தையும் வைத்தது சட்டம். வாழ்வதற்கு எது இல்லாமல் முடியாதோ அதை, கடன் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், தொடக் கூடாது என்ற பழைய அறம்தான் இங்கே சட்டமொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

கருவிக்கு ஏன் இந்தத் தனி மரியாதை? பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945இல் வெளியிட்ட தம் முதன்மை நூலில், பார்வையற்றவரின் கைத்தடியை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பழகிய பிறகு அந்தத் தடி அவருக்கு ஒரு வெளிப்பொருளாகத் தெரிவதில்லை. தொடு உணர்வு உள்ளங்கையிலிருந்து தடியின் நுனிக்கு நகர்ந்துவிடுகிறது. தடி அவர் உடம்பின் நீட்சியாகிவிடுகிறது. டிஜிட்டல் பலகையில் பல வருடம் வரைந்தவரின் கையிலும் இது நடக்கிறது. எந்தத் தூரிகைக்கு எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் கோடு எவ்வளவு பருக்கும் என்பது மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. குறுக்குவிசைகள் விரலுக்குத்தான் தெரியும். கேட்டால் வாயால் சொல்ல வராது. அந்தப் பழக்கம் முழுக்க அவர் உழைத்துச் சேர்த்தது. உரிமத்தில் அதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது. சந்தா அறுந்தால் அதுவும் பயனற்றுப் போகிறது.

தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனாலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோடு கல்யாணப் பத்திரிகையும் புத்தகமும் அதில் வடிவமைத்துப் பழகிய கைகள் இன்னும் அதை விடவில்லை. ஆயுத பூஜை அன்று அந்தக் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். ஒருநாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து அவற்றின் முன்னால் கைகூப்புவது, இவை இல்லாமல் நாம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் செயல்.

அந்தக் கடைகளில் உள்ள பிரதிகளில் உரிமம் பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால், கருவியை மட்டும் பார்த்து அதைச் செய்தவரை மறந்ததாகிவிடும். உளியை அடித்துக் கொடுத்த கொல்லருக்கும் பசி உண்டு. உபாகமத்தின் அதே 24ஆம் அதிகாரம், கூலியாளின் கூலியை அன்றைக்கே, சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. உழைத்தவரின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. திருகைக் கல்லும் கூலியும் ஒரே அதிகாரத்தில் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. கருவியை வைத்திருப்பவரின் உயிரும் கருவியைச் செய்தவரின் உயிரும் ஒரே நீதிக்குள் அடங்க வேண்டும்.

மென்பொருளில் இது சிக்கலாகிறது. உளியை அடித்துக் கொடுத்ததும் கொல்லரின் வேலை முடிந்தது. மென்பொருள் அப்படி முடிவதில்லை. இயங்குதளம் மாறும், செயலி மாறும், பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து நிரல் திருத்த வேண்டும். ஒருமுறை காசு கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்கத் திருத்தித் தா என்று கேட்பது, ஒருநாள் கூலிக்கு வருடம் முழுக்க வேலை வாங்குவதற்கு ஒப்பானது. சந்தாவின் மிக வலுவான நியாயம் இதுதான். தொடரும் உழைப்புக்குத் தொடரும் கூலி.

ஒரே தடவை விலைக்கு விற்றவர்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த செரிஃப் நிறுவனம் 2014இல் அஃபினிட்டி டிசைனர் என்ற வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. சந்தா கிடையாது என்பதே அதன் பெரிய கவர்ச்சி. 2022 நவம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய வாடிக்கையாளர்களும் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். 2024 மார்ச்சில் கேன்வா நிறுவனம் செரிஃபை வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் அஃபினிட்டி ஒரே செயலியாக இலவசமாக்கப்பட்டது. உள்ளே நுழைய கேன்வா கணக்கு வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குக் கட்டணச் சந்தா வேண்டும். இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் ஹோபார்ட் நகரிலிருந்து 2011இல் வந்த ஐபேட் ஓவியச் செயலி புரோக்ரியேட், 13 டாலருக்கும் குறைந்த விலையை ஒரே தடவை வாங்கிக்கொண்டு இன்றுவரை புதிய வசதிகளைத் தந்துகொண்டிருக்கிறது. ஐபேட் வாங்கும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். ஆக, ஒரே தடவை விலை என்பது நடக்கக்கூடியது. ஆனால் அது நிறுவனத்தின் நல்லெண்ணத்தையும் சந்தையின் வளர்ச்சியையும் நம்பி நிற்கிறது.

அப்படியானால் வாடகை தவறா? இல்லை. மரபுகள் வாடகையை மனதார ஏற்றிருக்கின்றன. இஸ்லாமியச் சட்டவியல் வட்டியைத் தடுக்கிறது. ஆனால் ‘இஜாரா’ என்னும் வாடகை ஒப்பந்தத்தை அனுமதிக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. எந்தப் பொருள், எவ்வளவு காலம், என்ன கட்டணம் என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பொருளைப் பயன்படுத்தத் தக்க நிலையில் வைத்திருக்கும் அடிப்படைப் பொறுப்பு உரிமையாளருடையது. ஒப்பந்தத்தில் ‘கரர்’, அதாவது ஒரு தரப்பை ஏமாற்றக்கூடிய மறைவும் நிச்சயமின்மையும், இருக்கக் கூடாது.

இந்த அளவுகோலை இன்றைய சந்தாக்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2024 ஜூன் 17ஆம் தேதி அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் பரிந்துரையில் அடோபி மீது அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ‘ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்’ என்ற தேர்வு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. முதல் ஆண்டுக்குள் விலகினால் மீதமுள்ள மாதங்களின் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும். இந்த விவரம் சிறிய எழுத்திலும், சுட்டினால் மட்டும் விரியும் இடங்களிலும் மறைந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. மாதக் கட்டணம் என்று நினைத்துச் சேர்ந்த ஓர் ஓவியர், மூன்றாவது மாதம் விலகப் பார்க்கும்போதுதான் தாம் ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதை அறிகிறார் என்றால், பழைய சட்டவியலாளர்கள் அதற்குக் கரர் என்றுதான் பெயர் வைப்பார்கள்.

பொருளைத் தக்க நிலையில் வைத்திருப்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2019 மே மாதம் அடோபி தன் சந்தாதாரர்கள் சிலருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அவர்கள் பயன்படுத்திவரும் பழைய பதிப்புகளுக்கு இனி அனுமதி இல்லை, தொடர்ந்தால் வெளி நிறுவனங்களின் உரிமை மீறல் வழக்கைச் சந்திக்க நேரலாம் என்றது அது. பழகிய பதிப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லும் உரிமையும் வாடகைக்காரருக்கு இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் துறவிகளின் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வரலாம். எதுதான் நமக்குச் சொந்தம்? உடம்பே வாடகை வீடு என்று சொல்லும் மண்ணில், ஒரு மென்பொருளின் மீது உரிமை கொண்டாடுவது பற்று அல்லவா? காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் ஒருவரைத் துறவியாக்கியது காதற்ற ஓர் ஊசிதான் என்பது பட்டினத்தார் வரலாறு. கடைசிப் பயணத்தில் ஊசிகூட உடன் வராது என்றால் ஃபோட்டோஷாப் எம்மாத்திரம்?

மறுப்பு கனமானது. ஆனால் பதிலும் ஓர் ஊசியில்தான் இருக்கிறது. பௌத்தத் துறவிக்கு மரபு அனுமதிக்கும் உடைமைகள் எட்டு. மூன்று துண்டு ஆடை, பிச்சைப் பாத்திரம், சவரக் கத்தி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி, ஊசி. வீட்டையும் நிலத்தையும் உறவையும் விட்டுவிட்டு வந்தவருக்கும், கிழிந்த ஆடையைத் தைத்துக்கொள்ளத் தன் கையில் ஓர் ஊசி வேண்டும் என்று அந்த மரபு கண்டது. ஒவ்வொரு முறையும் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஊசி கேட்கும் நிலையில் அது துறவியை வைக்கவில்லை. தானே விடுவது துறவு. பிறர் பிடுங்குவது பறிப்பு. துறவின் பெயரைச் சொல்லிப் பறிப்பை நியாயப்படுத்த எந்தத் துறவியும் இடம் கொடுத்ததில்லை.

ஊசியிலிருந்து தையல் இயந்திரத்துக்கு வருவோம். 1924இல், சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் காந்தியைச் சந்தித்து இயந்திரங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்டார். பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்ற கேள்விக்கு, சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகச் சொன்னார் காந்தி. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அவள் மீதுள்ள அன்பால் ஒருவர் கண்டுபிடித்தது அது என்பது அவர் தந்த விளக்கம். மனிதரின் கையை முடமாக்காத, ஒரு சிலரின் பேராசைக்குப் பலரை அடிமையாக்காத கருவி அவருக்கு ஏற்புடையதாக இருந்தது.

அந்தச் சிங்கர் இயந்திரத்துக்கு விலையின் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. ஒரு சாதாரணக் குடும்பத்தால் முழு விலையையும் ஒரே தடவையில் கொடுக்க முடியாது என்பதால், ஐசக் சிங்கரின் தொழில் கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856இல் தவணைமுறையைக் கொண்டுவந்தார். சிறு முன்பணம், பிறகு மாதாமாதம் சில டாலர்கள். தவணை முடிந்ததும் இயந்திரம் தைப்பவருக்கே சொந்தம். மாதம் ஒரு சிறு தொகை ஏழைக்கு வசதி என்ற இன்றைய வாதத்தை அன்றே ஏற்று, அதற்கு ஒரு முடிவையும் வைத்தது இந்த ஏற்பாடு. கட்டிய பணம் ஓரிடத்தில் உரிமையாகத் திரண்டது.

மென்பொருளிலும் இது முடியாத காரியமல்ல. நிரலாளர்களுக்கான கருவிகளைச் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் காது கொடுத்தது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியவர், பிறகு நிறுத்திவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு பதிப்பைக் காலமெல்லாம் பயன்படுத்தலாம் என்று விதியைத் திருத்தியது. புதிய உழைப்பு வேண்டுமென்றால் புதிய கூலி. பழைய கூலிக்குரிய கருவி கையிலேயே இருக்கும். கொல்லரின் பசிக்கும் தச்சரின் உரிமைக்கும் ஒருசேர இடம் தந்த ஏற்பாடு இது. ஓவிய மென்பொருள் நிறுவனங்களில் பெரியவை இதைப் பின்பற்றாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: கருவியைப் பொதுச்சொத்தாக்கிவிடுவது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் முதலீடு வற்றி மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் டான் ரூசண்டால் 2002இல் மக்களிடம் பணம் திரட்டினார். ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. மூல நிரல் முதலீட்டாளர்களிடமிருந்து மீட்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் அந்த மென்பொருளில் உருவாக்கிய ‘ஃப்ளோ’ திரைப்படம் 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஓவியத்துக்கான கிரிட்டாவும் இதே பாதையில் நடக்கிறது. அதன் தளத்தில் இலவசம். ஸ்டீம் போன்ற கடைகளில் காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் நிரலாளர்களின் சம்பளத்துக்குப் போகிறது.

இந்த வழி, ஏரியை ஊரே கூடித் தூர்வாரும் குடிமராமத்து முறைக்கு நெருக்கமானது. தண்ணீர் எல்லோருக்கும் பொது. மண்வெட்டி எடுத்து வரும் கடமையும் பொது. வேலைக்கு ஆள் வராத ஊர்களில் ஏரி தூர்ந்துபோனதும் நடந்திருக்கிறது. கிரிட்டாவை இறக்கிப் பயன்படுத்திக்கொண்டு ஒரு ரூபாயோ, ஒரு பிழை அறிக்கையோ, ஒரு தமிழாக்க வரியோ கொடுக்காதவர் இலவசத்தை அனுபவிக்கிறாரே தவிர, பொதுவைக் காக்கவில்லை.

ஆக, சந்தாவா ஒரே விலையா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. இரண்டும் நேர்மையாக இருக்கலாம், இரண்டும் ஏமாற்றாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா ஏற்பாடுகளுக்கும் பொதுவாக, தாண்டக் கூடாத ஒரு கோடு உண்டு. கருவி ஒன்று, கருவியால் செய்த வேலை வேறொன்று. ஒருவர் தம் உழைப்பைக் கலந்த பொருள் அவருடையதாகிறது என்று 1689இல் வெளியான தம் நூலில் வாதாடினார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். அந்த வாதத்தில் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஓர் ஓவியரின் கோப்புக்கு அது பொருந்துவதைப்போல் வேறெதற்கும் பொருந்தாது. எழுபது அடுக்குகள், ஒவ்வொன்றிலும் திருத்தித் திருத்தி வைத்த கோடுகள், நிழலுக்கென்று தனியே போட்ட முகமூடிகள். இதில் அவர் உழைப்பைத் தவிர என்ன இருக்கிறது? கருவிக்கு வாடகை வாங்குபவர் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முடித்த வேலையின் சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், அது திருகைக் கல்லோடு அரைத்த மாவையும் தூக்கிக்கொண்டு போவது.

இந்தக் கோட்டை மதிப்பது சாத்தியம் என்பதற்கு அடோபியே சான்று தந்திருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் சந்தா முடிந்த பிறகும், கணினியிலுள்ள படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். படத்தை மெருகேற்றும் பகுதி பூட்டிக்கொள்ளும். 2014 முதல் இருக்கும் இந்த விதி நியாயமானது. ஆனால் புத்தகப் பக்கங்களை அமைக்கும் இன்டிசைனுக்கு அது கிடையாது. சந்தா நின்றால் பல வருடப் புத்தகக் கோப்புகள் மூடியபடியே கிடக்கும்.

கிரிட்டாவின் ‘கேஆர்ஏ’ கோப்பு வேறு மாதிரி. அதன் பெயரின் பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றிவிட்டுத் திறந்தால், கிரிட்டாவே இல்லாத கணினியிலும் உள்ளே இருப்பது தெரியும். ஓவியத்தின் விவரங்கள் எழுதிய எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். அடுக்குகள் வரிசையாக ஓர் உறையில் இருக்கும். எல்லா அடுக்குகளும் சேர்ந்த முழு ஓவியம் ஒரு பிஎன்ஜி படமாகத் தனியே இருக்கும். நாளைக்கே கிரிட்டா அமைப்பு கலைந்துபோனாலும் அந்த ஓவியத்தை யாரும் பூட்ட முடியாது. ஒரு கருவியின் அறத்தை அளக்க விலைப்பட்டியலைவிட இந்தச் சோதனை பொருத்தமானது.

எனவே நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சந்தா முடிந்த பிறகும் தம் கோப்பைத் திறந்து பார்க்கவும் பொது வடிவத்தில் எடுத்துக்கொள்ளவும் உரியவருக்கு வழி இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலமும் விலகும் கட்டணமும் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நம் கவின்கலைக் கல்லூரிகள், விற்பனைக் கருவிகளோடு கிரிட்டாவையோ பிளெண்டரையோ சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். படிப்பு முடிந்து மாணவர் சலுகை அறுந்தாலும் பிள்ளைகளின் கை முடங்காது. வரைபவர்கள், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதை பிஎன்ஜி, டிஃப், எஸ்விஜி போன்ற திறந்த வடிவம் ஒன்றில் இன்னொரு பிரதியாகச் சேமித்து, தம் கையிலுள்ள வட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறதென்றால், அதற்கு முன்னால் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிப் பழைய கோப்புகளுக்கும் இதைச் செய்துவிடுங்கள்.